கோடை விடுமுறையில் பிசினஸ் கேம்ப்: பணம் கட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பொதுத்தேர்வு முடிந்த வாரமே வாட்ஸ்அப் குழுமங்களில் போஸ்டர்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. பத்தே நாளில் உங்கள் பிள்ளையைத் தொழில்முனைவோர் ஆக்குகிறோம் என்கிறது ஒன்று. பள்ளி மாணவர்களுக்கான ஸ்டார்ட்அப் முகாம், சான்றிதழ் உண்டு என்கிறது இன்னொன்று. துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் உறவினர் ஒருவர், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கோடைக்கால வகுப்புக்கான லிங்க்கை அனுப்பி, "இதில் சேர்த்துவிட்டால் பிறகு அங்கேயே சீட் கிடைத்துவிடும்" என்கிறார்.

பிள்ளைக்கு ஆசை, பெற்றோருக்குக் குழப்பம். கட்டணத்தைப் பார்த்தால் சில ஆயிரங்களில் தொடங்கி பல லட்சங்கள் வரை போகிறது. நகையை அடகு வைத்தாவது அனுப்பலாமா என்று யோசிக்கும் குடும்பங்களும் உண்டு. இந்தப் பயிற்சிகள் எதற்காகத் தொடங்கப்பட்டன, இன்று எப்படி நடக்கின்றன, எதைத் தரும், எதைத் தராது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது

பள்ளி மாணவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் முயற்சி அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கு மேல் பழமையானது. 1919ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பள்ளி முடிந்த மாலை நேரத்தில் பிள்ளைகள் ஒன்றுகூடி ஒரு சின்ன கம்பெனி அமைப்பார்கள். பங்கு விற்று முதல் திரட்டி, ஏதாவது ஒரு பொருளைச் செய்து விற்று, கடைசியில் கணக்கு முடித்து கம்பெனியைக் கலைப்பார்கள்.

இரண்டாவது கதை ஸ்டீவ் மரியாட்டி என்ற ஆசிரியருடையது. ஃபோர்டு நிறுவனத்தில் நிதி ஆய்வாளராக இருந்து, பிறகு நியூயார்க்கில் ஏற்றுமதி இறக்குமதித் தொழில் செய்தவர். 1980களின் தொடக்கத்தில் தெருவில் சில இளைஞர்கள் அவரைத் தாக்கி, கையிலிருந்த சொற்பப் பணத்தைப் பறித்தார்கள். இந்த அற்பத் தொகைக்காக ஏன் இப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. தொழிலை விட்டு, ஏழ்மையான பகுதிகளின் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகச் சேர்ந்தார். வகுப்பில் யாரும் கவனிப்பதாக இல்லை. ஒருநாள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, அதை விற்பவர்போல் பேசத் தொடங்கினார். வகுப்பு அமைதியானது. அந்தப் பிள்ளைகளுக்குப் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளும் பசி இருந்திருக்கிறது. 1987இல் அவர் தொடங்கிய என்.எஃப்.டி.இ. என்ற அமைப்பு, வசதி குறைந்த பகுதி மாணவர்களுக்குத் தொழில்முனைவைக் கற்றுக்கொடுத்து, கோடை முகாம்களும் நடத்தி வந்தது.

மூன்றாவது, 2007இல் ஹூஸ்டன் நகரில் தொடங்கிய லெமனேட் டே. ஒரு சிறுமி ஆமை வளர்க்க ஆசைப்பட்டு, அதை வாங்க எலுமிச்சை சர்பத் கடை போட்டதிலிருந்து பிறந்தது இந்தத் திட்டம். சம்பாதித்ததில் கொஞ்சம் செலவழி, கொஞ்சம் சேமி, கொஞ்சம் பிறருக்குக் கொடு என்பதே அதன் அடிப்படைப் பாடம். ஸதகா கொடுத்துப் பழகிய நம் வீடுகளுக்கு இது புதிதல்ல.

மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். பிள்ளை உண்மையான ஒரு பொருளை, உண்மையான ஒரு மனிதருக்கு விற்க வேண்டும். பிறகு கணக்குச் சொல்ல வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய பயிற்சிகளைப் பார்ப்போம்.

இன்று மூன்று வகை

முதல் வகை, பல்கலைக்கழகங்கள் தாமே நடத்துபவை. 1881இல் தொடங்கப்பட்ட பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பல கோடைப் பயிற்சிகளை நடத்துகிறது. பேராசிரியர்களின் வகுப்பு, நிறுவனங்களை நேரில் பார்ப்பது, குழுவாகத் திட்டம் தயாரித்து நடுவர்கள் முன் விளக்குவது என்று நாட்கள் போகும். வளாகத்தில் தங்கிப் படிக்கும் மூன்று வாரப் பயிற்சிக்குக் கட்டணம் மட்டுமே பத்தாயிரம் டாலர் அளவில் வருகிறது. நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கு மேல். விமானச் செலவு தனி. பாஸ்டன் அருகிலுள்ள பாப்சன் கல்லூரி, தொழில்முனைவுப் படிப்புக்குப் பெயர்பெற்றது. அதுவும் பள்ளி மாணவர்களுக்குக் கோடைப் படிப்பு நடத்தி, கல்லூரி கிரெடிட் தருகிறது.

இரண்டாவது வகை, தனி அமைப்புகள் நடத்துபவை. எம்.ஐ.டி. வளாகத்தில் தொடங்கிப் பின்னர் தனியாகப் பிரிந்த லாஞ்ச்எக்ஸ் இதற்கு உதாரணம். இங்கே பாடத்தைவிடச் செயல் அதிகம். முன்பின் தெரியாத மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரு பிரச்சினையைத் தேர்ந்து, வாடிக்கையாளர்களிடம் பேசி, சில வாரங்களில் ஒரு தொழிலைத் தொடங்கிப் பார்க்கிறார்கள். ஆன்லைன் பிரிவும் உண்டு. இந்த வகையில் தரமானவையும் இருக்கின்றன, பெரிய பல்கலைக்கழக வளாகத்தை வாடகைக்கு எடுத்து அதன் பெயரைக் காட்டிக் காசு பார்ப்பவையும் இருக்கின்றன.

மூன்றாவது வகை, போட்டிகள். வார்ட்டன் நடத்தும் உலகளாவிய உயர்நிலைப் பள்ளி முதலீட்டுப் போட்டியில் சேர நுழைவுக் கட்டணம் இல்லை. நான்கு முதல் ஏழு மாணவர்கள் ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில் கலந்துகொள்ளலாம். கோடையில் தயாராகி, பள்ளி ஆண்டில் பங்கேற்கும் வாய்ப்பு இது. போஸ்டர் அடித்து யாரும் விளம்பரம் செய்வதில்லை என்பதால் நம் பள்ளிகளில் பலருக்குத் தெரிவதில்லை.

சீட் கிடைக்குமா?

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கோடைப் பயிற்சியில் சேர்ந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு இடம் உறுதி என்று எந்த நல்ல பல்கலைக்கழகமும் சொல்வதில்லை. பல பல்கலைக்கழகங்கள் அப்படி எந்த உறுதியும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன. உங்கள் பிள்ளை சிறப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார் என்று பளபளப்பான கடிதம் வந்தாலும் மயங்க வேண்டாம். விண்ணப்பிக்காமலே தேர்வாகிவிட்டால், அது பெரும்பாலும் விளம்பரம்தான்.

இந்தியாவிலேயே படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்தச் சான்றிதழின் மதிப்பு இன்னும் குறைவு. பி.காம்., பி.பி.ஏ. சேர்க்கை பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலும் நுழைவுத் தேர்விலும்தான் முடிவாகிறது.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. மூன்று வாரம் உழைத்து ஒரு தொழிலைச் செய்து பார்த்த பிள்ளை, எந்தக் கல்லூரி நேர்காணலிலும் சொந்த அனுபவத்தைச் சொல்ல முடியும். அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது எட்டு லட்சம் கட்டினால்தான் கிடைக்கும் என்பதில்லை.

காலக் கணக்கு

அமெரிக்கக் கோடை என்பது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. தமிழ்நாட்டில் அதற்குள் பள்ளி திறந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் பிள்ளையை மூன்று வாரம் அனுப்புவது எளிதல்ல. ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை விடும் வளைகுடாப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கே இந்தக் காலம் ஒத்துவரும். விண்ணப்பங்களும் முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஏப்ரலில் விசாரித்தால் நல்ல இடங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். விசாவுக்கான காத்திருப்பும் உண்டு. கிரெடிட் தரும் படிப்புக்கும் தராத பயிற்சிக்கும் விசா வகை மாறலாம் என்பதால், எந்த விசா என்று நடத்துபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

உள்ளூர் முகாமானாலும் வெளிநாட்டு முகாமானாலும் இவற்றைக் கேளுங்கள்.

1. நடத்துவது யார்? பல்கலைக்கழகமா, அதன் இடத்தை வாடகைக்கு எடுத்த நிறுவனமா?

2. கற்பிப்பவர் சொந்தமாகத் தொழில் செய்தவரா, மேடைப் பேச்சாளரா?

3. முகாம் முடிவதற்குள் பிள்ளை வெளியாள் ஒருவருக்கு எதையாவது விற்றிருக்குமா, கடைசி நாள் பவர்பாயின்ட்டோடு முடிந்துவிடுமா?

4. லாப நஷ்டக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறார்களா?

5. கட்டணச் சலுகை உண்டா? பாதியில் விலகினால் பணம் திரும்புமா?

6. கடந்த ஆண்டு படித்த இரண்டு மாணவர்களின் பெற்றோரோடு பேச முடியுமா?

மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது.

மார்க்கம் தொடும் இடங்கள்

தங்கிப் படிக்கும் முகாமானால் ஹலால் உணவு, தொழுகைக்கு இடம், ஜும்ஆவுக்கு அனுமதி, ஆண் பெண் தங்குமிட ஏற்பாடு ஆகியவற்றை விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடலாம். பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, கேட்டால் வழி சொல்வார்கள். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் ஆன்லைன் பயிற்சியையோ, காலையில் போய் மாலையில் திரும்பும் உள்ளூர் முகாமையோ தேர்ந்தெடுக்கலாம். தயக்கத்தால் பெண் பிள்ளைக்கு இந்தக் கல்வியே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்தவர் என்பதை நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் அறிவார்கள்.

பாடத்தையும் கவனிக்க வேண்டும். தொழில்முனைவு என்ற பெயரில் தினசரி டிரேடிங், கிரிப்டோ, ஃபாரெக்ஸ் சொல்லிக்கொடுக்கும் முகாம்கள் பெருகிவிட்டன. அவற்றில் பெரும்பாலும் ஊக வாணிபம்தான் பாடம். முதலீட்டுப் போட்டியில் சேரும் பிள்ளைகள், வட்டித் தொழில், மது நிறுவனங்களின் பங்குகளைத் தவிர்த்துத் தங்கள் பட்டியலைத் தயாரிக்கலாம். ஏன் தவிர்க்கிறோம் என்று குழுவில் விளக்குவதே ஒரு பயிற்சி. கட்டணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்குவதோ நகையை வட்டிக்கு அடகு வைப்பதோ வேண்டவே வேண்டாம்.

அருகிலேயே உள்ள வாய்ப்புகள்

தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக் கல்வித் துறை, யுனிசெஃப் ஆகியவை இணைந்து பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தை நடத்தியிருக்கின்றன. மாணவர்கள் தம் ஊர்ப் பிரச்சினைக்குத் தாமே தீர்வு கண்டு வடிவமைக்கும் திட்டம் இது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இதுபோன்ற திட்டம் உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். டெல்லி அரசு 2021இல் தன் பள்ளிகளில் பிசினஸ் பிளாஸ்டர்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, 11, 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு 2,000 ரூபாய் முதலாகக் கொடுத்தது. 2,000 ரூபாய் இருந்தால் ஒரு தொழிலைச் செய்து பார்க்க முடியும் என்பது நமக்கும் பாடம். ஜமாஅத்தும் ஊர் நலச் சங்கங்களும் இதை ஒவ்வொரு கோடையிலும் செய்யலாம். பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2,000 என்றால் மொத்தம் 20,000 ரூபாய்தான். அதைவிட முக்கியம், ஊரில் கடை வைத்திருக்கும் பெரியவர்கள் வாரம் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருவது.

வீட்டிலேயே ஒரு முகாம்

அதுவும் அமையவில்லை என்றால், நான்கு வாரங்களில் வீட்டிலேயே நடத்தலாம். நன்னாரி சர்பத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் வாரம், பிள்ளை இருபது பேரிடம் கேட்க வேண்டும்: எப்போது தாகம் எடுக்கிறது, என்ன குடிக்கிறீர்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள்? இரண்டாம் வாரம், விலை விசாரித்து, முதல் திரட்டி, சுத்தமாகத் தயாரிக்கப் பழக வேண்டும். மூன்றாம் வாரம், விற்பனை.

ஐம்பது கிளாஸுக்குக் கணக்கு இப்படி வரலாம். சர்பத் 300 ரூபாய், எலுமிச்சை 125, ஐஸ் 60, பேப்பர் கப் 50, தண்ணீர் கேன் 40. மொத்தம் 575. கிளாஸ் 20 ரூபாய்க்கு ஐம்பதும் விற்றால் 1,000 ரூபாய், மிச்சம் 425. இரண்டு பேர் நான்கு மணி நேரம் நின்றிருந்தால் மொத்தம் எட்டு மணி நேர உழைப்பு, மணிக்கு 53 ரூபாய். மழை வந்து 38 கிளாஸ்தான் விற்றது என்றால்? வரவு 760, மிச்சம் 185, மணிக்கு 23 ரூபாய். விற்காத பன்னிரண்டு கிளாஸ் என்ன செய்தது என்பதை அந்தப் பிள்ளை இனி மறக்காது.

நான்காம் வாரம், கணக்கை எழுதி வீட்டார் முன் படிக்க வேண்டும். யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினோம், எப்போது திருப்பினோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனமான அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். மிச்சத்தில் ஒரு பங்கு ஸதகாவுக்கு, ஒரு பங்கு அடுத்த முதலுக்கு.

சொந்தக் கடை இருந்தால் பிள்ளையை அங்கேயும் உட்கார வைக்கலாம். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்கள் பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கடையும் கேம்ப்பும்

காயல்பட்டினம், கீழக்கரை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வணிகத்தால் வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. கல்லாவில் வாப்பா அருகில் உட்கார்ந்து வியாபாரம் கற்றவர்கள் நம் முன்னோர். வாடிக்கையாளரிடம் முகம் கோணாமல் பேசுவது, நிறுவையில் குறைக்காமல் இருப்பது, வாக்கு மாறாமல் இருப்பது ஆகியவற்றைக் கல்லா கற்றுக்கொடுத்தது.

ஆனால் கல்லா கற்றுக்கொடுக்காதவையும் உண்டு. கடைக் காசும் வீட்டுக் காசும் ஒரே டிராயரில் கிடந்தன. சொந்த உழைப்புக்கு யாரும் விலை போட்டுப் பார்க்கவில்லை. பத்து வருடமாக ஓடாத சரக்கை ஏன் வாங்குகிறோம் என்று கேட்டால் வாப்பாவுக்குக் கோபம் வந்தது. நல்ல கோடைப் பயிற்சி சொல்லித் தருவது இந்தக் கேள்விகளைத்தான். இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு முழுமையான கல்வி.

இந்தக் கோடையில் போஸ்டருக்குப் பணம் கட்டும் முன், பிள்ளையிடம் ஒரு நோட்டும் 2,000 ரூபாயும் கொடுத்துப் பாருங்கள். நான்கு வாரம் கழித்து அந்த நோட்டைத் திறந்தால், பிள்ளைக்கு உண்மையிலேயே இதில் நாட்டம் உண்டா, பெரிய பயிற்சிக்கு அனுப்பலாமா என்பது இன்ஷா அல்லாஹ் உங்களுக்கே தெரிந்துவிடும்.