முகத்தைத் தேய்க்க முன் சருமத்தை அறிதல் வேண்டும்

திருமண முகூர்த்தங்கள் நெருங்கும் மாதங்களிலும், தீபாவளி, நோன்புப் பெருநாள் போன்ற பண்டிகைகளுக்கு முந்திய வாரங்களிலும் எமது நகரங்களிலுள்ள அழகுநிலையங்களில் நெரிசல் அதிகரிப்பது வழமை. அங்கு செல்ல வசதியில்லாதோர் கடைகளில் கிடைக்கும் ‘ஸ்க்ரப்’ எனப்படும் பசைகளை வாங்கி வீட்டிலேயே முகத்தைத் தேய்த்துக் கொள்கின்றனர். சருமத்தின் மேற்பரப்பிலுள்ள இறந்த கலங்களை அகற்றுவதே இவையனைத்தினதும் நோக்கம் எனக் கூறப்படுகின்றது. நோக்கத்தில் தவறேதுமில்லை. ஆயினும் எந்தச் சருமத்திற்கு எந்த முறை, எத்தனை நாட்களுக்கு ஒரு தடவை என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. முகம் பொலிவு பெற வேண்டுமென விரும்பித் தேய்த்தவர்களே பின்னர் கரும்படலங்களுடன் தோல் நோய் வைத்திய நிபுணர்களை நாடிச் செல்ல நேர்கின்றது. மாநிறமும் கருநிறமும் கொண்ட எம்மவர்களுக்கு இவ்வாபத்து வெண்ணிறத்தவர்களை விட அதிகம் என்பது பலரும் அறியாத விடயமாகும்.

மேற்றோலின் அடியில் நாள்தோறும் புதிய கலங்கள் தோன்றுகின்றன. அவை படிப்படியாக மேலெழுந்து, தட்டையாகி, இறந்து, இறுதியில் கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர்ந்து விடுகின்றன. இளவயதினரில் இச்சுழற்சிக்குச் சராசரியாக நான்கு வாரங்கள் எடுக்கின்றன. வயது ஏற ஏற இது மந்தமடைகின்றது. நடுத்தர வயதைக் கடந்தவர்களின் முகம் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தோன்றுவதற்கு இம்மந்தகதியும் ஒரு காரணம். எனவே உதிர்தலுக்குச் சிறிது துணைபுரிவது பயன் தரக்கூடியதே. ஆனால் ‘இறந்த கலங்கள்’ என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் அவற்றை அழுக்கு எனக் கருதிவிடக் கூடாது. உடலின் ஈரத்தை உள்ளே தக்கவைப்பதும், கிருமிகளையும் உறுத்தும் பொருட்களையும் வெளியே நிறுத்துவதும் இந்த இறந்த கலங்களாலான படைதான். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு பங்கு என்ற அளவிலேயே உள்ளது. இத்தனை மெல்லிய வேலியை நாளாந்தம் கரடுமுரடான துகள்களால் உரசுவது எத்தகைய காரியம் என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

நிறத்தின் கதை வேறு. சருமத்திற்கு நிறத்தை வழங்கும் மெலனினை உற்பத்தி செய்யும் கலங்கள் மேற்றோலின் அடித்தளத்தில் அமைந்துள்ளன. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அவற்றை எட்ட முடியாது. அதற்கு மாறாக, உரசலினாலோ கடுமையான அமிலத்தினாலோ சருமம் அழற்சியடையும்போது அக்கலங்கள் தூண்டப்பட்டு மேலதிக மெலனினை உருவாக்குகின்றன. புண் ஆறிய பின்னரும் அவ்விடம் கறுத்தே காணப்படும். இக்கறுப்பு மறைய மாதக் கணக்கில், சிலவேளை வருடக் கணக்கில் காலம் எடுக்கின்றது. 1975ஆம் ஆண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர் தோமஸ் பிற்ஸ்பற்றிக், சூரிய ஒளிக்குச் சருமம் காட்டும் எதிர்விளைவைக் கொண்டு ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். முதலில் வெண்ணிறச் சருமங்களை மாத்திரம் கருத்திற் கொண்டிருந்த அவ்வகைப்பாடு பின்னர் ஆறு வகைகளாக விரிவுபடுத்தப்பட்டது. இலங்கையர்களில் பெரும்பாலானோர் அதன் நான்காம், ஐந்தாம் வகைகளைச் சேர்ந்தவர்கள். அழற்சிக்குப் பின்னர் கறுத்துப் போகும் இயல்பு மிகுந்த வகைகள் இவையே. வெளிநாட்டு அழகு நூல்களிலும் காணொளிகளிலும் வழங்கப்படும் ஆலோசனைகளை அப்படியே பின்பற்றுவதில் உள்ள சிக்கல் இங்குதான் உள்ளது. அங்கு இரண்டு நாட்களில் தணிந்துவிடும் சிவப்பு, இங்கு ஆறு மாதக் கறுப்பாகி விடுகின்றது.

சருமத்தின் வகையை அறிவதற்குச் செலவேதுமில்லை. மென்மையான கழுவியொன்றினால் முகத்தைக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, எதனையும் பூசாது ஒரு மணித்தியாலம் இருந்தால் போதுமானது. முகம் முழுவதும் மினுமினுப்பின் அது எண்ணெய்ச் சருமம். இழுத்துப் பிடித்தது போன்ற உணர்வோ வெள்ளைச் செதில்களோ தோன்றின் உலர் சருமம். நெற்றியும் மூக்கும் நாடியும் மாத்திரம் எண்ணெய் கசிய, கன்னங்கள் உலர்ந்திருப்பின் கலப்புச் சருமம். எதைப் பூசினாலும் எரிவும் சிவப்பும் கடியும் ஏற்படுமாயின் அது உணர்திறன் மிக்க சருமம் எனக் கொள்ளலாம். இவ்வகைகள் நிரந்தரமானவையல்ல. வயதும் காலநிலையும் மருந்துகளும் அவற்றை மாற்றக் கூடியன. கொழும்பின் ஈரப்பதனில் எண்ணெய் வழியும் அதே முகம் நுவரெலியாவின் குளிரில் வெடிப்புறலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பு மக்கள் அனுபவிக்கும் வறட்சியும், சுண்ணாம்புக் கற்படையிலிருந்து கிடைக்கும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் வன்மையும் இவ்விடயத்தில் கருத்திற் கொள்ளப்பட வேண்டியவை. வன்னீரில் சவர்க்காரம் நன்கு நுரைக்காது படிவாக முகத்தில் தங்கி உலர்த்துகின்றது. அதனை அழுக்கெனக் கருதி மேலும் தேய்ப்பவர்கள் உளர்.

இறந்த கலங்களை அகற்றும் முறைகளை இரு பெரும் பிரிவுகளாக நோக்கலாம். துகள்களாலோ துணியாலோ உரசுவது ஒன்று. கலங்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிணைப்பை மென்மையான அமிலங்களைக் கொண்டு தளர்த்துவது மற்றையது. அமிலம் என்றவுடன் அச்சமும், உரசல் என்றவுடன் இது இயற்கையானது என்ற நிம்மதியும் எம்மிடையே ஏற்படுவதுண்டு. உண்மை நிலை பெரும்பாலும் இதற்கு எதிர்மாறானது. அக்றூட் ஓட்டையும் பழ விதைகளையும் பொடித்துச் சேர்த்த பசைகளிலுள்ள துகள்கள் கூர்மையான விளிம்புகளைக் கொண்டவை. கை கொடுக்கும் அழுத்தத்தை அளவிடவும் வழியில்லை. அளவறிந்து தயாரிக்கப்பட்ட அமிலமோ முகமெங்கும் ஒரே சீராகச் செயற்படுகின்றது.

இந்த அமிலங்களின் பயனை நவீன மருத்துவம் அறிந்து கொண்டது அழகுக்கலையின் வாயிலாக அல்ல. மீன் செதில் போன்று தோல் தடிப்புறும் பரம்பரை நோய்க்குச் சிகிச்சை தேடிய அமெரிக்க ஆய்வாளர்களான வான் ஸ்கொட், யூ ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்விலேயே பழ அமிலங்கள் எனப்படுபவை தோலின் செதில்களை உதிரச் செய்வது விபரிக்கப்பட்டது. கரும்பில் உள்ள கிளைகோலிக் அமிலம், புளித்த பாலில் உருவாகும் லக்டிக் அமிலம், கசப்பு வாதுமையிலிருந்து முதலில் பெறப்பட்ட மன்டலிக் அமிலம் என்பன இவ்வகையின. கிளைகோலிக் அமிலத்தின் மூலக்கூறு மிகச் சிறியதாதலால் விரைவாக ஊடுருவும், எரிவும் அதிகம். மன்டலிக் அமிலம் மெதுவாக ஊடுருவுவதால் மாநிறச் சருமத்திற்குப் பொருத்தமானதெனத் தோல் மருத்துவர்கள் பலர் கருதுகின்றனர். வில்லோ மரப்பட்டையோடு பெயரால் தொடர்புடைய சலிசிலிக் அமிலமோ எண்ணெயில் கரையும் இயல்பினது.

எண்ணெய்ச் சருமத்திற்கும் முகப்பரு உள்ளவர்களுக்கும் சலிசிலிக் அமிலம் ஏற்றதாவதற்கு இவ்வியல்பே காரணமாகும். எண்ணெயால் அடைபட்ட துவாரத்தினுள்ளே அதனால் செல்ல முடிகின்றது. அரை வீதம் முதல் இரண்டு வீதம் வரையிலான செறிவே வீட்டுப் பாவனைக்கு உகந்தது. வாரத்தில் இரண்டு தடவையுடன் தொடங்கி, சருமம் ஏற்றுக் கொண்டால் மூன்றாக்கலாம். அஸ்பிரினுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காது உபயோகிக்கலாகாது. பரு உள்ள முகத்தைத் துகள்களால் தேய்ப்பது மிகப் பெரிய தவறு. பரு உடைந்து, அழற்சி ஆழமாகி, வடுவும் கறுப்பும் எஞ்சுகின்றன.

உலர் சருமத்திற்கு ஐந்து வீதம் அளவிலான லக்டிக் அமிலம் பொருந்தும். செதிலை உதிர்ப்பதோடு ஈரத்தைப் பிடித்து வைக்கும் தன்மையும் அதற்கு உண்டு. வாரம் ஒரு தடவை போதுமானது. தினமும் ஐவேளைத் தொழுகைக்காக வுழூச் செய்பவர்களின் முகம் ஏற்கனவே அடிக்கடி நீரால் கழுவப்படுவதால் ஒவ்வொரு தடவையும் சவர்க்காரத்தைச் சேர்த்துக் கொள்ளத் தேவையில்லை. உலர் சருமமாயின் ஈரம் முற்றாகக் காய முன் ஈரலிப்புக் களிம்பைப் பூசிக் கொள்வது நன்று. உணர்திறன் மிக்க சருமத்தையோ கரப்பான் உள்ள முகத்தையோ பொறுத்தவரை, மிருதுவான ஈரத் துணியால் ஒற்றித் துடைப்பதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றே கூறலாம். கலப்புச் சருமத்தினர் முகம் முழுவதற்கும் ஒரே மருந்தைத் தேட வேண்டியதில்லை. நெற்றிக்கும் மூக்கிற்கும் ஒன்று, கன்னத்திற்கு வேறொன்று என உபயோகிக்கலாம். ஆண்களுக்கு இவையெல்லாம் அவசியமற்றவை என எண்ணுவோர், சவரக்கத்தி ஒவ்வொரு முறையும் மேற்றோலின் ஒரு படையைச் சுரண்டியே செல்கின்றது என்பதை மறந்து விடுகின்றனர். சவரம் செய்த அன்று வேறு எதனையும் கொண்டு தேய்க்கலாகாது. நூலாலோ மெழுகாலோ உரோமம் அகற்றிய பெண்களுக்கும் இது பொருந்தும்.

சமையலறை வைத்தியங்கள் குறித்தும் சில வார்த்தைகள் கூற வேண்டியுள்ளது. பயத்தம் மா எமது பாட்டிமார் விட்டுச் சென்ற நல்லதொரு கழுவி. மிக நுண்ணியதாக அரித்து, நீரிலோ தயிரிலோ குழைத்து, அழுத்தாது பூசிக் கழுவினால் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. தயிரில் லக்டிக் அமிலம் ஒரு வீதம் அளவிலேயே இருப்பதால் அது எரிக்காது. பெரிய மாற்றத்தையும் எதிர்பார்க்க முடியாது. தேசிக்காய் அவ்வாறானதல்ல. சருமத்தின் இயல்பான பி.எச். பெறுமானம் ஐந்தை அண்மித்திருக்க, தேசிக்காய்ச் சாறு இரண்டை அண்மித்ததாக உள்ளது. அதைவிட மோசமாக, அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள சில சேர்வைகள் சூரிய ஒளி பட்டவுடன் தோலைப் பொசுக்கிக் கரும் பட்டைகளை ஏற்படுத்துகின்றன. தேசிக்காயைப் பூசிக் கொண்டு வெயிலில் நின்றவரின் முகம் வெளுக்காமல் கறுப்பது இதனாலேயே. அப்பச்சோடா மறுபுறத்தில் காரத்தன்மை கொண்டு அப்பாதுகாப்புப் படையைச் சிதைக்கின்றது. இரண்டையும் கலந்து நுரைக்க வைத்துப் பூசுமாறு கூறும் காணொளிகளை என்னவென்று சொல்வது?

அழுக்கல்லாத ஒன்றை அழுக்கெனத் தேய்ப்பதால் நோயொன்று மறைக்கப்படும் சந்தர்ப்பமும் உண்டு. பிள்ளைகளின் பிடரியிலும் கழுத்து மடிப்பிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருப்பதைக் கண்ட தாய்மார் தும்பினாலும் கல்லினாலும் உரஞ்சிக் குளிப்பாட்டுவதை எம்மிடையே காணலாம். சில பெரியவர்களுக்கு நெற்றியோரத்திலும் கன்னத்திலும் கூட இவ்வாறு கறுப்பதுண்டு. பெரும்பாலும் இது உடலில் இன்சுலின் சரிவரச் செயற்படாமையின் அறிகுறி. நீரிழிவின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். இங்கு செய்ய வேண்டியது இரத்தத்தில் சீனியின் அளவைப் பரிசோதிப்பதேயாகும். கர்ப்ப காலத்திலும் அதன் பின்னரும் கன்னங்களில் படரும் மங்கு, தேய்க்கத் தேய்க்கக் கடுமையாகும். வெண்திட்டுக்களாகத் தோன்றும் தேமல் ஒருவகைப் பங்கசினால் ஏற்படுவது. அதற்குரிய மருந்து மலிவானது. தேய்ப்பது வீண் வேலை.

அழகுநிலையங்களில் ‘பீல்’ என்ற பெயரில் செய்யப்படுவன மேற்கூறிய அமிலங்களையே கூடிய செறிவில் பூசுவனவாகும். அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருட்களை மதிப்பிடும் நிபுணர் குழு, வீட்டுப் பாவனைக்கான பழ அமிலங்களின் செறிவு 10 வீதத்தைத் தாண்டக் கூடாதெனவும், பி.எச். பெறுமானம் 3.5இற்குக் குறையக் கூடாதெனவும், பயிற்சி பெற்றோர் சிறிது நேரம் பூசிக் கழுவுவதற்கு 30 வீதம் வரை செல்லலாமெனவும் பரிந்துரைத்துள்ளது. பூசப்படுவது என்ன அமிலம், அதன் செறிவு எவ்வளவு என்று கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. பதில் கிடைக்காவிடில் எழுந்து வந்து விடுவதே உத்தமம். திருமணத்திற்கு இரண்டு நாட்கள் இருக்கையில் முதன்முறையாக இதனைச் செய்து பார்ப்பது விவேகமானதல்ல.

இவையனைத்திலும் ஆபத்தானவை, முகவரியோ உள்ளடக்கமோ குறிப்பிடப்படாமல் விற்கப்படும் வெண்மையாக்கும் களிம்புகள். சிலவற்றில் பாதரசமும் வேறு சிலவற்றில் வீரியமிக்க ஸ்டீரொயிட் மருந்துகளும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் மெலனின் உற்பத்தியைத் தடுப்பதால் சில வாரங்களில் நிறம் மாறுவது போன்றே தோன்றும். மறுபுறத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படும். தாயின் முகத்திலிருந்து அது குழந்தையையும் சென்றடையலாம். இலங்கையும் கைச்சாத்திட்ட மினமாட்டா சமவாயத்தின் கீழ், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க 2023இல் தீர்மானிக்கப்பட்டது. ஸ்டீரொயிட் களிம்புகளோ தோலை மெலியச் செய்கின்றன. அவ்வாறு மெலிந்த முகத்தில் ஸ்க்ரப்பையோ அமிலத்தையோ உபயோகிப்பது நெருப்பை அள்ளிப் பூசுவதற்கு ஒப்பாகும். இவற்றை நீண்டகாலம் பூசியவர்கள் திடீரென நிறுத்துவதும் கூடாது. வைத்தியரின் கண்காணிப்பு தேவை. பருவுக்காக ரெட்டினொயிட் வகை மருந்துகளைப் பெறுபவர்களும் வைத்தியரைக் கேட்ட பின்னரே எந்த அமிலத்தையும் தொட வேண்டும்.

புதிய பொருளெதனையும் முதலில் காதின் பின்புறத்திலோ தாடையின் கீழோ சிறிதளவு பூசி இரண்டு நாட்கள் அவதானித்தல் அவசியம். அமில வகைகளை இரவில் பூசுவதே பொருத்தமானது. அவை சூரிய ஒளிக்கான உணர்திறனை அதிகரிப்பதாலும், நிறுத்திய பின்னரும் ஒரு வாரம் வரை அந்நிலை நீடிப்பதாலும், பகலில் எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் அன்றாடம் தேவை. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள எமது நாட்டில் குடையும் தொப்பியும் இதற்கு நல்ல துணைகள். மலையகத்தில் குளிராக இருப்பதால் வெயில் சுடாது என எண்ணக் கூடாது. உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர்களின் தாக்கமும் கூடுகின்றது.

வெறும் நீர் பட்டாலும் முகம் எரிதல், வழமைக்கு மாறான மினுமினுப்புடன் இழுபடும் உணர்வு, ஏற்கனவே இல்லாத சிறு பருக்கள் என்பன அளவுக்கு மீறித் தேய்த்தமைக்கான அடையாளங்கள். அவ்வேளையில் அனைத்தையும் நிறுத்தி, மென்மையான கழுவியும் வாசனையற்ற ஈரலிப்புக் களிம்பும் சன்ஸ்கிரீனும் மாத்திரம் உபயோகித்து நான்கு வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். கறுப்பு படரத் தொடங்கினாலோ நீர் கசிந்தாலோ அக்காலம் வரை காத்திராது, அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவை நாடலாம். பாவித்த களிம்பின் பெட்டியையும் குழாயையும் உடன் எடுத்துச் செல்வது சிகிச்சையைத் தீர்மானிக்க வைத்தியருக்கு உதவும்.