இன்ச் டேப்பில் தொடங்கும் இதயக் கணக்கு

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் பலரும் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். இதயத்துக்கான ஆபத்தை அந்த ஒரு எண் சொல்லிவிடாது. மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று அறிய, 2009இல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் கூடி ஐந்து எல்லைகளை வகுத்தன.

வயிற்றுச் சுற்றளவு: தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
ட்ரைகிளிசரைடு: 150 மி.கி. அல்லது மேல்.
நல்ல கொழுப்பு (எச்டிஎல்): ஆண்களுக்கு 40க்குக் கீழ், பெண்களுக்கு 50க்குக் கீழ்.
ரத்த அழுத்தம்: 130/85 அல்லது மேல்.
வெறும் வயிற்றுச் சர்க்கரை: 100 அல்லது மேல்.

இவற்றில் மூன்று சேர்ந்தால் அதுவே மெட்டபாலிக் சிண்ட்ரோம்; இதய நோய் ஆபத்து சுமார் 2 மடங்கு; சர்க்கரை நோய் ஆபத்து 5 மடங்கு. அமெரிக்க ஆண்களுக்கு வயிற்றின் எல்லை 102 செ.மீ.; நமக்கு 12 செ.மீ. குறைவு. அதே எடையிலும் நம் உடலில் கொழுப்பு வயிற்றுக்குள்தான் அதிகம் சேர்கிறது. 1,13,043 பேரை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இண்டியாப்’ (ICMR-INDIAB) ஆய்வின்படி, இந்தியாவில் 100 பேரில் சுமார் 40 பேருக்குத் தொப்பை எல்லை மீறியிருக்கிறது.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சுரக்கிறது. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதை நுட்பமாக அளக்கும் எச்எஸ்-சிஆர்பி பரிசோதனையில் 1க்குக் கீழ் என்றால் இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் காய்ச்சலோ தொற்றோ காரணமாக இருக்கலாம். குணமான பின் மறுபடி பார்க்க வேண்டும்.

அழற்சியைக் குறைத்தால் பலன் உண்டா? 2008இல் வெளியான ஜூபிடர் ஆய்வில், கெட்ட கொழுப்பு அதிகமில்லாமல் சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல் இருந்த 17,802 பேர் சேர்ந்தனர். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 251 பேருக்கு. ரோசுவாஸ்டாடின் மருந்து பெற்றவர்களில் 142 பேருக்கு. ஆனால் அந்த மருந்து கொழுப்பையும் குறைக்கும். அழற்சியை மட்டும் குறைத்துப் பார்த்தது 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர்; மருந்து கனகினுமாப். ஆண்டுக்கு 1,000 பேரில் பாதிப்பு 45இலிருந்து 39ஆக இறங்கியது. கூடவே, தொற்றால் ஏற்படும் மரணம் அதே 1,000 பேரில் ஏறத்தாழ 1 கூடியது. மொத்த மரண விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

அழற்சி உண்மையான எதிரி; அதை மருந்தால் அடக்குவதற்கு விலையும் உண்டு. சுற்றளவை அளப்பதற்கோ செலவே இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளவைக் குறியுங்கள். ஐந்து எண்களையும் ஒரே தாளில் எழுதி, அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.