கார்ட்லெஸ் ப்ளோயர் வாங்கப் போறீங்களா? 9,000 ரூபாய் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



சேல் சீசன் வந்தாலே போன் வாங்கலாமா, ஏசி வாங்கலாமான்னு நிறைய கேள்வி வரும். இந்தத் தடவை ஒருத்தர் கேட்டது கார்ட்லெஸ் ப்ளோயர் பத்தி. பேட்டரியில ஓடி, காத்தை வேகமா ஊதித் தூசியைத் தள்ளுமே, அந்தக் கருவிதான். கைக்கு வர்ற சம்பளம் 38,000. வீட்டு முன்னாடி போர்டிகோ, அதுல ஒரு பைக், ஒரு பழைய கார். அம்மாவுக்கு வீசிங் இருக்கு, பெருக்கினாலே இருமல் வந்துடுது. "9,000 ரூபாய்க்கு பிராண்டட் வாங்கவா, 2,000 ரூபாய்க்கு வர்றதே போதுமா? நோ காஸ்ட் இஎம்ஐயும் இருக்கு சார்" - இதுதான் கேள்வி.

சின்ன பொருள்தானே, இதுக்கு ஒரு கட்டுரையான்னு நினைக்காதீங்க. பெரிய லோன் எடுக்கும்போது நாம நாலு பேரைக் கேக்கறோம். இந்த மாதிரி 2,000, 5,000, 9,000 ரூபாய் பொருளை யாரையும் கேக்காம வாங்கிடறோம். மாசக் கடைசியில சம்பளம் எங்க போச்சுன்னு தேடறப்போ, பதில் பெரும்பாலும் இங்கதான் இருக்கும்.

முதல்ல, இது உங்க வேலைக்கு ஆகுமா?

ப்ளோயர் தூசியை எடுக்காது, இடம் மாத்தும். இந்த ஒரு வரியை மறந்துட்டுத்தான் பாதிப் பேர் வாங்கறாங்க.

தூசி வெளியே போக வழி இருக்கிற இடத்துல இது அருமையான கருவி. கார் பார்க்கிங், போர்டிகோ, மொட்டை மாடி, பால்கனி, ஜன்னல் கொசுவலை, கழட்டி வெளியே கொண்டு வந்த டேபிள் ஃபேன், கார் சீட்டுக்கு இடையில இருக்கிற மண், பைக் கழுவினதும் இடுக்குல நிக்கிற தண்ணி எல்லாத்துக்கும் சரி. கம்ப்யூட்டர் கேபினெட்டையும் வெளியே வெச்சு ஊதலாம். ஆனா உள்ள இருக்கிற ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு, தள்ளி நின்னு ஊதுங்க. இல்லேன்னா காத்து வேகத்துல அது தாறுமாறா சுத்திக் கெட்டுடும்.

மூடின ரூமுக்குள்ள ஊதினா, தரையில கிடந்த தூசி காத்துல ஏறும், அப்புறம் கட்டில், துணி, மூக்குன்னு எல்லா இடத்துலயும் இறங்கும். வீசிங் இருக்கிறவங்க வீட்ல இது துடைப்பத்தை விட மோசம். அதனால கேட்ட நண்பருக்கு என் பதில்: அம்மாவுக்காக வாங்கறீங்கன்னா வீட்டுக்குள்ள ஈர மாப், முடிஞ்சா ஒரு வேக்யூம் கிளீனர். ப்ளோயர் போர்டிகோவுக்கு மட்டும். அதுவும் அம்மா உள்ள இருக்கணும், கதவு ஜன்னல் சாத்தியிருக்கணும், நீங்க மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டிருக்கணும்.

இன்னொரு எச்சரிக்கை. பெட்ரோல் சிந்தியிருக்கிற இடத்துலயோ, டேங்க் மூடி திறந்திருக்கிற பைக் பக்கத்துலயோ ப்ளோயரை ஆன் பண்ணாதீங்க. கார்பன் பிரஷ் இருக்கிற மோட்டார்ல பொறி பறக்கும்.

லேபிள்ல இருக்கிற நம்பரை நம்பலாமா?

ஒரு லித்தியம் செல்லோட சராசரி வோல்டேஜ் 3.6. முழுசா சார்ஜ் ஆனா சுமார் 4.2. பேட்டரிக்குள்ள இப்படி அஞ்சு செல்லை வரிசையா கோத்திருப்பாங்க. 3.6-ஆல பெருக்கினா 18 வோல்ட், முழு சார்ஜ்ல 21 வோல்ட். ஆக 18, "20 மேக்ஸ்", 21 எல்லாமே ஒரே அஞ்சு செல்தான். 21 போட்டிருக்குன்னு கூடுதல் காசு குடுக்காதீங்க.

பேட்டரியில எவ்வளவு சக்தி இருக்குன்னு தெரிய வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்க. 18 × 2 = 36 வாட்-ஹவர். 18 × 4 = 72 வாட்-ஹவர். ப்ளோயர் ஃபுல் ஸ்பீடுல 250 வாட் இழுக்குதுன்னு வெச்சா, முதல் பேட்டரி 9 நிமிஷத்துக்கும் கம்மியாதான் வரும், ரெண்டாவது சுமார் 17 நிமிஷம். "ஒரு மணி நேரம் ஓடும்"னு விளம்பரத்துல இருந்தா அது ரொம்பக் கம்மி ஸ்பீடுல எடுத்த கணக்கா இருக்கும்.

இப்போ "48 வோல்ட், 15,000 எம்ஏஹெச்"னு போட்டு 2,000 ரூபாய்க்கு வர்ற ஒரு செட்டை எடுத்துக்கங்க. 48 × 15 = 720 வாட்-ஹவர். இன்னிக்கு இருக்கிற நல்ல லித்தியம் செல்லுலயே ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 250 வாட்-ஹவர்தான் அடங்கும். அப்போ பேட்டரி மட்டுமே மூணு கிலோ கிட்ட இருக்கணும். மொத்தக் கருவியே ஒரு கிலோன்னு அதே பக்கத்துல எழுதியிருந்தா, எந்த நம்பர் பொய்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வீட்டுக்கு வந்துடுச்சுன்னா சமையலறைத் தராசுல பேட்டரியை வெச்சுப் பாருங்க. ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள பாருங்க.

காத்துக்கு ரெண்டு நம்பர் இருக்கும். ஒண்ணு அளவு: நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர், அல்லது சி.எஃப்.எம் (ஒரு கன மீட்டர்னா சுமார் 35 சி.எஃப்.எம்). இன்னொண்ணு வேகம். போர்டிகோவுல இலை, மண் தள்ள அளவு முக்கியம். கீபோர்டு, ரேடியேட்டர் இடுக்குக்கு வேகம் முக்கியம். மூக்கு சின்னதானா வேகம் ஏறும், அளவு குறையும். ஒரு நம்பரை மட்டும் பெருசா போட்டு இன்னொண்ணை மறைச்சிருந்தா உஷார்.

ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகுது?

நான் எந்தப் பொருளுக்கும் போடற கணக்கு இதுதான். மொத்தச் செலவு, அதை எத்தனை தடவை பயன்படுத்துவோமோ அதால வகுக்கணும். வாரம் ஒரு தடவை, வருஷம் 52 தடவைன்னு வெச்சுக்குவோம். கீழே இருக்கிற விலையும் ஆயுளும் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கங்க.

- வயர் உள்ள ப்ளோயர்: 1,800 ரூபாய், 5 வருஷம், 260 தடவை. ஒரு தடவைக்கு சுமார் 7 ரூபாய்.
- பெயர் தெரியாத கார்ட்லெஸ் செட்: 2,200 ரூபாய். ஒரு வருஷத்துல பேட்டரி போய், மாத்துப் பேட்டரி கிடைக்கலேன்னா 52 தடவை. ஒரு தடவைக்கு 42 ரூபாய்.
- பிராண்டட் கார்ட்லெஸ், பேட்டரி, சார்ஜரோட: 9,000 ரூபாய், 4 வருஷம், 208 தடவை. ஒரு தடவைக்கு சுமார் 43 ரூபாய்.
- அதே பிராண்ட், பேட்டரி ஏற்கனவே வீட்ல இருக்கு: கருவி மட்டும் 4,000 ரூபாய், 208 தடவை. ஒரு தடவைக்கு சுமார் 19 ரூபாய்.

ரெண்டாவதும் மூணாவதும் கிட்டத்தட்ட ஒரே செலவுன்னு கவனிச்சீங்களா? 2,200 ரூபாய் மலிவாத் தெரியுது, அவ்வளவுதான். வருஷா வருஷம் புதுசு வாங்கினா நாலு வருஷத்துல 8,800. வயர் இழுக்க முடியற இடம்னா முதல் வரிதான் ஜெயிக்குது.

கரண்ட் செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க. 72 வாட்-ஹவர் பேட்டரியை சார்ஜர் இழப்போட சேர்த்தே ஒரு யூனிட்ல சுமார் 10 தடவை சார்ஜ் பண்ணலாம். வயர் உள்ள 600 வாட் ப்ளோயரும் பத்து நிமிஷத்துக்கு 0.1 யூனிட்தான்.

நீங்க வாங்கறது ப்ளோயர் இல்ல, பேட்டரி

கார்ட்லெஸ் கருவிகள்ல ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனிக்குப் பொதுவா சேராது. ஒரே கம்பெனிக்குள்ளயும் சேராம போகலாம். பாஷ்ல பச்சை நிற 18 வோல்ட் வீட்டு வரிசை வேற, நீல நிற புரொஃபஷனல் வரிசை வேற. மக்கிட்டாவுல 18 வோல்ட் பேட்டரி 40 வோல்ட் கருவிக்குப் பொருந்தாது.

அதனால வீட்ல ஏற்கனவே கார்ட்லெஸ் டிரில் இருந்தா, அதே வரிசையில கருவி மட்டும் வாங்குங்க. "சோலோ", "பேர் டூல்"னு போட்டிருந்தா பேட்டரி இல்லாத விலைன்னு அர்த்தம். மக்கிட்டா மாடல் நம்பர் கடைசியில "இஸட்" எழுத்து இருந்தாலும் அதேதான். "அட, இவ்ளோ கம்மியா!"னு ஆர்டர் போட்டுட்டு, பேட்டரியும் சார்ஜரும் தனியா வாங்கி ரெட்டிப்பு செலவு பண்றவங்க நிறைய பேர்.

நோ காஸ்ட் இஎம்ஐயோட காஸ்ட்

பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல வங்கிகளுக்கு சொல்லிடுச்சு. இப்போ நடக்கறது என்னன்னா, வட்டியை முன்கூட்டியே தள்ளுபடியா குடுத்துட்டு, அப்புறம் மாசா மாசம் வட்டியாவே வாங்கறாங்க. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில.

9,000 ரூபாய், 6 மாசம், மாசம் 1,500, கார்டு வட்டி 15%னு வெச்சா, உள்ளே இருக்கிற வட்டி சுமார் 381 ரூபாய். அதுக்கு ஜிஎஸ்டி 69. பிராசஸிங் ஃபீ 199னா ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 304 ரூபாய் கூடுதல். ஆண்டு வட்டியா மாத்தினா சுமார் 12%. முழுப் பணம் கட்டினா கிடைக்கிற உடனடித் தள்ளுபடி போனா அது தனி நஷ்டம்.

304 ரூபாய் யாரையும் கவிழ்க்காது. ஆனா போனுக்கு ஒரு இஎம்ஐ, ஷூவுக்கு ஒண்ணு, ப்ளோயருக்கு ஒண்ணுன்னு சேர்ந்தா, 38,000 சம்பளத்துல எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போக வேண்டிய பணம் அங்க போயிடுது. கார்டுல ஏற்கனவே பாக்கி ஓடுதுன்னா இந்தப் பேச்சே வேணாம். அதுக்கு மாசம் 3%க்கு மேல வட்டி போகுது, முதல்ல அதை அடைங்க. நிஜமா வேணும்னா மாசம் 750 ரூபாய் ஆர்டி போடுங்க, அடுத்த தீபாவளி சேலுக்கு 9,000 ரெடி.

பணம் கட்டறதுக்கு முன்னாடி அஞ்சு செக்

1. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு - இது பேக்கிங்ல இருந்தே ஆகணும்.
2. பேட்டரியில ஐ.எஸ். 16046ம், "ஆர்" எழுத்துல தொடங்கற பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கா? பிஐஎஸ் கேர் ஆப்ல எண்ணை அடிச்சுப் பாக்கலாம்.
3. வாரண்டி பேட்டரிக்கும் உண்டா, மோட்டாருக்கு மட்டுமா?
4. மாத்துப் பேட்டரி தனியா விக்கறாங்களா, என்ன விலை? உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கா?
5. பேர் போட்ட ஜிஎஸ்டி பில். அது இல்லேன்னா வாரண்டி கேக்கவே முடியாம போகலாம். பிரச்சினைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சைடுல ஜிஎஸ்டி நம்பர் வெச்சு பிசினஸ் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டு உபயோகத்துக்கு வாங்கினதுக்கு இன்புட் கிரெடிட் எடுக்கக் கூடாது. 17(5) பிரிவு அதைத் தடுக்குது.

அப்போ யாருக்கு எது?

வாடகை ஃப்ளாட், பால்கனி மட்டும்தான்னா: எதுவும் வேணாம், துடைப்பமும் ஈரத் துணியும் போதும். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்னா அசோசியேஷன்ல பேசி எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வாங்குங்க. சொந்த போர்டிகோ, பக்கத்துல பிளக் பாயின்ட் இருக்குன்னா: வயர் உள்ளது. வீட்ல டிரில் பேட்டரி இருக்கு, இல்ல வயர் எட்டாத இடம்னா: அதே வரிசையில கார்ட்லெஸ், முடிஞ்சா பிரஷ்லெஸ் மோட்டார்.

வாங்கிட்டீங்கன்னா பேட்டரியை வெயில்ல நிக்கற கார்ல விட்டு வைக்காதீங்க. ஓட்டி முடிச்சதும் சூடு ஆறின பிறகு சார்ஜ் போடுங்க. பல மாசம் எடுக்க மாட்டீங்கன்னா பாதி சார்ஜ்ல வைங்க. செத்துப்போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில போடாம இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுங்க.

உங்க வீட்ல கடைசியா வாங்கின கருவி எது, ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போட்டு கமெண்ட்ல சொல்லுங்க. பாக்கலாம், யாரோடது அதிகம்னு!