வள்ளியம்மாள் பேரன்

ஆவடி, அம்பத்தூர் நேயர்களுக்கு அரக்கோணம் மின்சார ரயிலைத் தெரியாமல் இருக்காது. அந்த அரக்கோணத்துக்காரர்தான் பாடலாசிரியர், ராப் பாடகர் அறிவு. சாதியைப் பற்றி மேடையில் பூசி மெழுகாமல் பாடுபவர்.

2018 ஜனவரி. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. பறை, சட்டி, கிட்டார் எல்லாம் ஒன்றாக முழங்க, கலைஞர்கள் கோட்டு சூட்டில் நின்றார்கள். கானாப் பாட்டுக்காரர் என்றால் லுங்கிதான் என்று நினைத்தவர்களுக்கு அந்த உடையே பதில்! அந்தக் குழுவில் ஒருவர் அறிவு.

அறிவைப் போல மேடையில் பூசி மெழுகாமல் வாய் திறந்தால் வம்பு வருவது எங்கும் உண்டு. திருச்சபையில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமையைக் கண்டித்து, அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர் 1992-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் போப்பின் படத்தைக் கிழித்தார். இரண்டே வாரத்தில் நியூயார்க் மேடையில் கூச்சல். வாத்தியமே இல்லாமல் பாடிவிட்டுத்தான் இறங்கினார்.

மீண்டும் அறிவிடம் வருவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். 2021-இல் பட்டிதொட்டியெங்கும் ஒலித்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலுக்குள் இருப்பது அந்தப் பாட்டியின் கதை. 2024-இல் வந்த அறிவின் ஆல்பத்துக்குப் பெயர், 'வள்ளியம்மா பேராண்டி'.