மாசி வரும் நாடு

நம் வீட்டுச் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சிறு பிள்ளையும் "மாலைதீவு" என்று சொல்லும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கல்லாகும் வரை உலர்த்துவதுதான் மாசி. அந்த மீனை அவர்கள் வலை வீசி அள்ளுவதில்லை. தூண்டிலால் ஒவ்வொன்றாகவே பிடிக்கிறார்கள். கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலப் பயணம்தான். ஆயினும் அந்நாட்டைப் பற்றி நாம் அறிந்தது மாசியோடு நின்று விடுகிறது.

ஏறத்தாழ 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. 1153ஆம் ஆண்டில் அரசர் இஸ்லாத்தைத் தழுவ, நாடே தழுவியது. இரு நூற்றாண்டுகள் கழித்து அங்கு சென்ற இப்னு பதூதா காழியாகவும் பணியாற்றினார். அப்போது ஆட்சியில் இருந்தவர் கதீஜா என்ற பெண்மணி! ஜும்ஆ குத்பாவில் அவர் பெயர் சொல்லித் துஆச் செய்யப்பட்டதை இப்னு பதூதா எழுதி வைத்துள்ளார். மேலாடை அணியாதிருந்த அந்நாட்டுப் பெண்களை மாற்ற அவர் முயன்றார்; முடியவில்லை. தம் நீதிமன்றத்துக்கு வருவோராவது உடல் மறைத்து வரவேண்டும் என்பதோடு நின்றுகொண்டார். தோற்ற இடத்தையும் மறைக்காமல் எழுதிய நேர்மைக்காகவே அவர் நூலை வாசிக்கலாம். அங்கிருந்துதான் அவர் இலங்கை வந்து பாவாத மலை ஏறினார்.

அன்று அங்கு சோழியே நாணயம். ஒரு பொற்காசுக்கு 4 இலட்சம் சோழி. அதே சோழி ஆபிரிக்காவின் மாலி நாட்டில் ஒரு பொற்காசுக்கு 1,150 வீதம் விலைபோனதையும் பின்னர் அவர் கண்டார்.

தலைநகர் மாலேயில் 1658இல் சுல்தான் இப்ராஹீம் இஸ்கந்தர் கட்டிய ஹுகுரு மிஸ்கிய் பள்ளிவாசல் இருக்கிறது. சுவர்கள் முழுக்கப் பவளப்பாறை. ஈரத்தில் மென்மையாக இருக்கும்போதே அறுத்து, உலரவிட்டு, சாந்தின்றி ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். கட்டடம் நேர் மேற்கைப் பார்ப்பதால், கிப்லாவை முன்னோக்க ஸப்புகள் கோணலாகவே நிற்கும்.

திவெஹி மொழியும் சிங்களமும் ஒரே குடும்பம். ஆனால் எழுத்து வலமிருந்து இடம் செல்லும். முதல் ஒன்பது எழுத்துகளும் ஒன்று முதல் ஒன்பது வரையான அரபு இலக்கங்களிலிருந்து உருவானவை. உயிர்க்குறிகள் நம் ஹரகத்துகளைப் போலவே மேலும் கீழும் நிற்கும். ஓதத் தெரிந்த பிள்ளைக்கு இது பாதி பழகிய முகம்.

அந்நாட்டின் பெருங்கவலை தண்ணீர்தான். ஆறில்லை, மலையில்லை. மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான். மழைநீரும், மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீரும்தான் முன்னோர் குடித்தவை. 2004 சுனாமி 80க்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது, கிணறுகளையும் உவராக்கியது. கந்தொல்ஹுதூ தீவின் மக்கள் தம் ஊரையே கைவிட்டு, பல வருடம் கழித்து வேறு தீவில் குடியேறினர். 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பற்றியபோது ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் குழாயில் நீரின்றித் தவித்தனர். நாற்புறமும் கடல், குடிக்கத் தண்ணீர் விமானத்தில் வந்தது.

குடும்பத்தோடு செல்ல விரும்பும் சகோதரிகள் பெரிய உல்லாச விடுதிகளை நாட வேண்டியதில்லை. 2009க்குப் பின் ஊர்மக்கள் வாழும் தீவுகளிலேயே சிறு விருந்தினர் விடுதிகள் வந்துவிட்டன. அங்கு மதுவுக்கு இடமில்லை, பாங்கொலி கேட்கும், செலவும் குறைவு. வெள்ளிக்கிழமையில் மட்டும் பயணத்தை வைக்காதீர்கள். தீவுகளுக்கிடையிலான பொதுப் படகுகள் அன்று பெரும்பாலும் ஓடுவதில்லை.