பூட்டை உடைத்தவனும் பூட்டாது விட்டவனும்

வீட்டிலே களவு போனால் பழி கள்வனுக்கே உரியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், ஊரார் தம் பொருளை நம்பி ஒப்படைத்த களஞ்சியத்திலே களவு போனால், காவலுக்கு நின்றவர் கள்வனைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்ள இயலுமா? இவ்வினாவை இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளக் காரணம், நம் பிள்ளைகளின் கையிலுள்ள விளையாட்டே.

நாங்குநேரி வட்டாரத்துக் குடும்பங்களில் தகப்பனார் வளைகுடா நாட்டிலோ சென்னையிலோ உழைத்திருக்க, தாயின் செல்போன் மாலைப் பொழுதெல்லாம் மகன் கையில் இருப்பதை வீடு சந்திக்கச் செல்லும்போது காண்கிறோம். அவன் தனியே விளையாடவில்லை; முகமறியாப் பலரோடு ஒரு வலைப்பின்னலிலே இணைந்து விளையாடுகிறான். அதனுள் நுழையுமுன் பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுக்கிறான்; சில வேளை தாயின் வங்கி அட்டை எண்ணையும் கொடுத்துவிடுகிறான். அவை யாவும் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் அடைக்கலப் பொருளாக வைக்கப்படுகின்றன. அங்கே கள்வர் புகுந்தால் யாரை நோவது?

இவ்வகைக் களவுகளில் உலகறிந்தது 2011 ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஜப்பானின் சோனி நிறுவனம் நடத்திவரும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்னும் விளையாட்டு வலைப்பின்னலுக்குள், அவ்வாண்டு ஏப்ரல் 17க்கும் 19க்கும் இடையே, ஹேக்கர்கள் எனப்படும் கணினிக் கள்வர் புகுந்தனர். ஏப்ரல் 17 குருத்து ஞாயிறு. புனித வாரத்துப் புதன்கிழமையன்று, அதாவது யூதாஸ் விலைபேசியதை நாம் நினைவுகூரும் நாளில், நிறுவனம் வலைப்பின்னலை மூடியது. ஏன் மூடினோம் என்பதை வாடிக்கையாளருக்கு அப்போது விளங்கச் சொல்லவில்லை. பாஸ்காத் திருநாளும் கடந்து, ஏப்ரல் 26 செவ்வாய்க்கிழமையன்றுதான் செய்தி வெளிவந்தது: ஏறத்தாழ 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் பெயர், முகவரி, பிறந்த நாள், கடவுச்சொல் ஆகியன அந்நியர் கைக்குப் போயின. மே முதல் நாள், நிறுவனத்தின் உயர் அலுவலர் கசுவோ ஹிராய் தம் துணைவர் இருவரோடு டோக்கியோவிலே பத்திரிகையாளர் முன் தலைதாழ்த்தி வணங்கி மன்னிப்புக் கோரினார். அடுத்த நாளே, அதே குழுமத்தின் மற்றொரு விளையாட்டுப் பிரிவில் மேலும் 2 கோடியே 46 இலட்சம் கணக்குகள் களவுபோனது தெரிய வந்தது.

களவின் அளவு ஏப்ரல் 25 ஆம் நாளே உறுதிப்பட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். அதில் உண்மை இருக்கலாம். எனினும் கதவு உடைந்தது 20 ஆம் நாளே தெரியும். எவ்வளவு போயிற்று என்று எண்ணி முடிக்கும்வரை காத்திராமல், உங்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் அன்றோ?

கள்வர் தரப்பு வாதமும் உண்டு. தன் கருவியின் பூட்டைத் திறந்து காட்டிய அமெரிக்க இளைஞர் ஒருவர்மீது சோனி அவ்வாண்டு சனவரியில் வழக்குத் தொடுத்தது. அதனால் பலர் சினம் கொண்டிருந்தனர். பெருநிறுவனத்தின் செருக்கை அடக்கினால் என்ன குற்றம் என்று கேட்போர் இன்றும் உளர். ஆனால் அடிபட்டவர் யார்? அவ்வழக்கோடு எத்தொடர்பும் இல்லாத கோடிக்கணக்கான எளியோரே. ஒருவன்மீதுள்ள கோபத்தில் அவன் வீட்டுக் குடியிருப்போரின் பெட்டியை உடைப்பதற்கு நீதி என்று பெயர் சூட்ட இயலாது.

இங்கே ஒரு விந்தை. அமெரிக்கப் பேராயத்தின் குழுவொன்றுக்குச் சோனி எழுதிய மடலின்படி, உள்ளே புகுந்தவர்கள் 'அனானிமஸ்' என்னும் பெயரில் ஒரு கோப்பை விட்டுச் சென்றிருந்தனர். தாங்கள் 'இலேகியோன்' என்னும் பொருள்பட அதில் எழுதியிருந்தது. அனானிமஸ் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் கூட்டத்தார், இது எங்கள் செயல் அன்று என்றனர். மாற்கு நற்செய்தியின் 5 ஆம் அதிகாரத்தை அறிந்தவர்க்கு இப்பெயர் புதிதன்று. கெரசேனர் நாட்டில் பேய் பிடித்தவனிடம் ஆண்டவர் பெயர் கேட்டபோது வந்த விடை இதுவே. தாங்கள் பலர் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. பலர் என்று சொல்லிக்கொள்பவரிடம் கணக்குக் கேட்பது அரிது. கள்வர் கூட்டம் மட்டுமா பலர்? பெருநிறுவனமும் பலரே. கணினிப் பிரிவார் மேலாளரைக் காட்டுவர். மேலாளர் செலவுக் கணக்கைக் காட்டுவார். முடிவில் எவருக்கும் பெயர் இராது.

திருமறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. விடுதலைப் பயண நூலின் 22 ஆம் அதிகாரத்தில் அடைக்கலப் பொருள் பற்றிய சட்டம் உண்டு. கள்வன் அகப்பட்டால் அவன் இருமடங்கு கொடுக்க வேண்டும். அகப்படாவிடில் வீட்டுக்காரன் கடவுள் முன்னிலையில் நின்று தன்னைத் தெளிவுபடுத்த வேண்டும். காவலில் இருந்த கால்நடை களவுபோனால் காத்தவன் ஈடு கொடுக்க வேண்டும். கொடிய விலங்கு பீறிப்போட்டதாயின் அதைச் சான்றாகக் கொண்டுவந்து காட்டி, ஈடு கொடாது விடுபடலாம். தடுத்திருக்கக் கூடியது எது, தடுக்க முடியாதது எது என்று எவ்வளவு நுட்பமாகப் பிரித்துள்ளனர்!

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் 2011 ஆம் ஆண்டுக் களவு எவ்வகையைச் சாரும்? பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 சனவரியில் இதற்கு விடை கூறியது. மென்பொருள் உரிய காலத்தில் புதுப்பிக்கப்பட்டிருந்தால் இக்களவைத் தடுத்திருக்கலாம் என்று கண்டு, 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. முதலில் மறுத்த சோனி, பின்னர் அவ்வாண்டிலேயே மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஆக, அது விலங்கு பீறியதன்று. பட்டிக் கதவின் பழுது பாராமல் விடப்பட்டிருந்தது.

நம் திருநெல்வேலிச் சீமைக்கும் இந்நெறி புதிதன்று. முற்காலத்தில் இங்கே காவல் முறை என்று ஒன்று இருந்தது. காவல் ஏற்றவர் ஊராரிடம் காவற்கூலி பெறுவர். தம் எல்லைக்குள் பொருள் களவுபோனால் அதை மீட்டுத் தரவோ, இயலாவிடில் மதிப்பை ஈடுசெய்யவோ கடன்பட்டிருந்தனர். அம்முறையில் முறைகேடுகளும் மலிந்தன. காவற்காரரே கள்வரோடு கைகோத்ததும், போன மாட்டை மீட்கத் துப்புக்கூலி கொடுக்க நேர்ந்ததும் உண்டு. (இன்று மருத்துவமனைகளின் கணினிகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்பவர் செய்வதும் துப்புக்கூலி வாங்குவதுதான்.) இருப்பினும், கூலி வாங்கியவன் பொறுப்பாளி என்ற அடிப்படை அம்முறையில் தெளிவாக இருந்தது.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இயலும் இதையே கூறிற்று. பிறர் செய்த களவுக்கு ஈடுசெய்யக் கடன்பட்டவர் யாவர் என்று புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் ஆராய்கிறார். கட்டளையிட்டவர், உடன்பட்டவர், பங்கு பெற்றவர் ஆகியோரோடு, மௌனம் சாதித்தவர், தடுக்காதவர், வெளிப்படுத்தாதவர் ஆகியோரையும் சேர்க்கிறார். கடைசி மூவரும் எப்போதும் கடன்பட்டவர் அல்லர்; தடுப்பதும் சொல்வதும் தம் பதவியின் கடமையாக இருக்கும்போது மட்டுமே. ஆளுவோரின் அசட்டையால் கள்வர் பெருகினால் ஆளுவோரே ஈடுசெய்ய வேண்டும். ஏனெனில் அவர்கள் பெறும் வருவாய் நீதியைக் காப்பதற்கான கூலி போன்றது என்பது அவர் தரும் காரணம். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவியும் நம் ஊர்க் காவற்காரரும் ஒரே கணக்கைப் போடுகின்றனர்! இதில் கள்வனின் பழி அணுவளவும் குறையவில்லை. அது முழுமையாய் அவனுடையதாகவே இருக்க, காவலனின் பழியும் முழுமையாய்க் காவலனைச் சேர்கிறது.

மறைக்கும் பழக்கம் விளையாட்டு நிறுவனங்களோடு நிற்பதன்று. நமக்குத் தெற்கேயுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீய மென்பொருள் புகுந்ததாக 2019 அக்டோபரில் செய்தி பரவியது. 29 ஆம் நாள் நிலையத்தார் அதனை மறுத்தனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் அது காணப்பட்டது உண்மை என்றும், உலையை இயக்கும் வலைப்பின்னல் தனித்தே உள்ளது என்றும், செப்டம்பர் 4 ஆம் நாளே தமக்குத் தகவல் வந்தது என்றும் அறிவித்தது. பாதிப்பு இல்லை என்பதை நாம் ஏற்கலாம். ஆனால் கரையோர மக்களுக்கு அந்த ஒரு நாள் மறுப்பு விளைத்த ஐயம், மென்பொருளைப்போல் எளிதில் துடைக்கத்தக்கதன்று.

நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. களவை அறிவிக்காது மறைத்தால் 200 கோடி வரை. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகளுக்கு 18 மாதத் தவணை தரப்பட்டது. தொகை பெரிதுதான். ஆனால் அப்பணம் அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பொருள் இழந்தவர் கைக்கு வாராது. இழந்தவருக்கு ஈடு தர வழிசெய்திருந்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இப்புதிய சட்டம் ஏற்பாடு செய்துள்ளது. மோசேயின் சட்டத்தில் ஈடு உரியவனுக்கே சென்றது. இங்கே நாம் பின்னோக்கி நடந்திருக்கிறோம் என்றே கருதுகிறோம்.

இனி வீட்டுக்கு வருவோம். வங்கியில் பணம் குறைந்தது தெரிந்ததும் முதல் அடி மகன் முதுகில் விழுகிறது. நிறுவனத்தின் களஞ்சியம் உடைந்திருந்தால் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அதில் என்ன பங்கு? இலவசமாக 'டைமண்டு' கிடைக்கும் என்ற ஆசை காட்டிய இணைப்பைத் தட்டி, அவனே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அது வேறு. அப்போதும் முழு அறிவும் முழுச் சம்மதமும் அவனிடம் இருந்தனவா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது அச்சட்டம். எத்தனை வீடுகளில் பிள்ளை பிறந்த ஆண்டைப் பொய்யாய்ப் பதிய, பெற்றோர் அருகிருந்து பார்த்துச் சிரிக்கின்றனர்!

அடிக்கு அஞ்சும் சிறுவன் நடந்ததை மூன்று நாள் மறைப்பான். சோனி ஆறு நாள் மறைத்ததும் ஏறக்குறைய இவ்வச்சத்தாலே இருக்கலாம். ஆனால் பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், அது கைமாறிச் செல்லுமுன் வங்கிகள் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. அந்த எண்ணைத் தாய்மார் செல்போனில் இன்றே பதிந்து வைக்கட்டும். எதைத் தட்டினாய், எப்போது தட்டினாய் என்று மகனிடம் கேட்கும்போது கையில் பிரம்பு வேண்டாம்.