தவிட்டுத் தொட்டியும் ரொட்டிப் புளிமாவும்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழில் பார்த்தவர்களுக்குப் புளிப்பின் சாமர்த்தியத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைப் புளித்த தவிட்டு நீரில் ஊறவைத்து மென்மையாக்குவது தோல் பதனிடுவோரின் பழைய உத்தி. அங்கே உழைத்தது லாக்டிக் அமில பாக்டீரியா. இட்லி மாவில் இருப்பதும் அதன் சொந்தக்காரர்கள்தான்! கடை ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி சுட உதவும் ‘சவர்டோ’ புளிமாவிலும் அதே கூட்டம். கூடவே மாவில் இயல்பாக இருக்கும் ஈஸ்ட்.

இந்தப் புளிமாவைத் தொடங்க, கண்ணாடி பாட்டிலில் 50 கிராம் முழுக்கோதுமை மாவும் 50 மில்லி கொதித்து ஆறிய நீரும் கலந்து, மூடியை இறுக்காமல் வையுங்கள். மறுநாள் முதல் தினமும் பாதியை எடுத்துவிட்டு 25 கிராம் மாவு, 25 மில்லி நீர் சேருங்கள்.

இரண்டாம் நாளே பொங்கினால் ஏமாந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பாக்டீரியா விடும் வாயு. மூன்றாம், நான்காம் நாளில் அடங்கிவிடும். பலர் அலுத்துப்போய்க் கொட்டிவிடுவது அப்போதுதான். பொறுத்திருந்தால் ஈஸ்ட் தலையெடுக்கும். ஒரு வாரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். மாவு சேர்த்த சில மணி நேரத்தில் இருமடங்காவது நாள்தோறும் நடந்தால், ரொட்டிக்குத் தயார்.

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மாவு சீக்கிரமே கடும்புளிப்பாகிவிடும். அப்போது காலை, மாலை இருவேளையும் மாவு சேருங்கள். பூஞ்சையோ, ரோஸ், ஆரஞ்சு நிறமோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.